குடிபாலா எந்த நாடு?
தொண்டை மண்டலத்து நாட்டுப் பெயர்கள் பற்றி ஒரு விமர்சனம்

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவில் நம் சங்க மேடையில் ஒரு பெரியவர் தொண்டை மண்டலத்தின் பெருமை பற்றிப் பேசினார். புழற்கோட்டம், ஈக்காட்டுக் கோட்டம், மணவிற் கோட்டம், ஊற்றுக்காட்டுக் கோட்டம், படுவூர்க் கோட்டம், வேங்கடக் கோட்டம் என்று 24 கோட்டங்களையும் தாளைப் பாராமல் அடுக்கினார். "சோழன் வகுத்த இந்த மண்ணில்தான் சித்தூரை நாம் பறிகொடுத்தோம்" என்று முடித்தபோது அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன்.

இறங்கி வந்தவர் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். "சித்தூர் பக்கம், குடிபாலாங்க ஐயா." "அடடே, ஆந்திராவா! தமிழ் நல்லாப் பேசுறீங்களே!" என்றார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் மேடையில் சொந்தமாக இருந்த மண், சாம்பார் பரிமாறுவதற்குள் வேற்று மாநிலமாகிவிட்டது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அடுத்த வாரமே என் அலுவலகத்துத் தெலுங்கு நண்பர் ஒருவர், "குடின்னா கோயில் சார், சுத்தத் தெலுங்குப் பேரு. நீங்க எங்க ஆளு" என்று தோளில் கை போட்டார். இரண்டு பக்கமும் ஊர்ப் பெயரை வைத்தே வழக்காடுகிறார்கள். பெயரை வைத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெரியவர் ஒப்பித்த பட்டியலைப் பார்ப்போம். 24 கோட்டம், 79 நாடு, 1,900 நத்தம் என்பது தொண்டை மண்டலத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு. படிக்காசுப் புலவரின் தொண்டை மண்டல சதகம் இந்த மண்ணின் புகழைப் பாடும் நூல். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, மிராசு உரிமை பற்றி 1818இல் அச்சான தம் அறிக்கையில் இந்தக் கோட்டக் கணக்கையும் அதன் பின்னாலிருந்த கதையையும் எழுதி வைத்தார். குறும்பர்கள் இந்தக் காட்டைத் திருத்தி 24 கோட்டைகள் கட்டி ஆண்டார்கள், புழல் அவர்களுக்குத் தலைநகர். குலோத்துங்க சோழனின் மகன் என்று சொல்லப்படும் ஆதொண்டைச் சக்கரவர்த்தி அவர்களை வென்று மண்டலத்தைத் தன் பெயரால் அமைத்தான் என்பது கதை. கோட்டை இருந்ததால் கோட்டம், ஆதொண்டை வென்றதால் தொண்டை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

இங்கே ஒரு சங்கடம். முதல் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்தது 1070இல். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பள்ளன்கோயில் செப்பேட்டிலேயே வெண்குன்றக் கோட்டமும் அதற்குள் ஒரு பெருநகர நாடும் வந்துவிடுகின்றன. எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்மப் பல்லவமல்லனின் காசாக்குடிச் செப்பேட்டில் ஊற்றுக்காட்டுக் கோட்டம் வருகிறது. கதை சொல்லும் சோழ இளவரசன் பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டு முன்னாலேயே கோட்டமும் நாடும் பெயரோடும் ஊரோடும் இருந்திருக்கின்றன. வென்றவன் வகுத்தான் என்பது பின்னால் வந்தவர்கள் செய்த ஜோடனை. எல்லிஸ் கேட்டதை எழுதினார், அது அவருடைய நேர்மை. ஆனால் அவருக்குப் பிறகு வந்த நம் மலர்க் கட்டுரையாளர்கள் அந்தக் கதையைக் கல்வெட்டின் இடத்தில் தூக்கி வைத்துவிட்டார்கள்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எங்கள் பக்கத்துக்கு முந்நூறு, நானூறு ஆண்டுகள் வழங்கிய பெரிய பெயர் அந்த 24க்குள் இல்லவே இல்லை. அந்தப் பெயர் பெரும்பாணப்பாடி.

குடிபாலாவுக்குத் தெற்கே எல்லை தாண்டினால், பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி இருக்கிறது. இன்று அது தமிழ்நாட்டு வேலூர் மாவட்டம். அங்குள்ள சோழர் கல்வெட்டுகள், ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியின் முதற்பகுதியில் 1899இல் வெளிவந்தன. அவை ஊருக்கு முகவரி சொல்லும் வரிசை இது: ஜெயங்கொண்ட சோழ மண்டலம், அதற்குள் பெரும்பாணப்பாடி, அதற்குள் தூஞாடு, அதற்குள் மேற்பாடி. திருப்பதி மாவட்டத்துக் குடிமல்லம் கோயில் கல்வெட்டுகளை வெங்கய்யா பதிப்பித்தார். அந்த ஊரின் பழைய பெயர் திருவிப்பிரம்பேடு. அது திருவேங்கடக் கோட்டத்துச் சிலை நாட்டில் இருந்ததாக அவை சொல்கின்றன. திருச்சானூர் அன்று திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாட்டுத் திருச்சோகினூர். குடிபாலாவிலிருந்து வேலூர்ப் பக்கம் போனால் வரும் திருவல்லம், படுவூர்க் கோட்டத்து மீயாறு நாட்டில் இருந்தது. ஆக எங்கள் சுற்றுவட்டத்தில் ஓரிடத்தில் கோட்டம், இன்னோரிடத்தில் பாடி. 24 என்று சீராகக் கட்டிய கட்டுக்குள் இந்த மூலை அடங்கவில்லை.

பெரும்பாணப்பாடி என்ற பெயர் எப்படி வந்தது? நம் ஆட்களுக்குப் பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வரும். அதன் தலைவன் தொண்டைமான் இளந்திரையன், ஊர் காஞ்சி, நம்ம பக்கந்தான். பேரியாழ் வாசித்த பாணர்கள் வாழ்ந்த நாடு என்று ஒரு பேச்சாளர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். மனசுக்கு இதமான விளக்கம், ஆனால் தவறு. இது யாழ்ப்பாணரின் பெயர் இல்லை, அரச குலமான பாணரின் பெயர். கர்நாடகத்துத் தாளகுந்தா கல்வெட்டு, கதம்ப குலத்து மயூரசர்மன் 'பிருகத் பாண'ரிடம் திறை வாங்கினான் என்கிறது. பிருகத் என்றால் பெரிய. அந்த ஐந்தாம் நூற்றாண்டு வடமொழிச் சொல்லும் நம் 'பெரும்பாண'வும் ஒன்றே. தங்களை மகாபலி வழியினர் என்று சொல்லிக்கொண்ட இவர்கள் தமிழில் மாவலி வாணராயர் ஆனார்கள். திருவல்லத்துக்கு வாணபுரம் என்றே ஒரு பெயர் இருந்தது.

'பாடி' என்ற ஈறும் யோசிக்க வைக்கிறது. கன்னடத்தில் கங்கவாடி, நொளம்பவாடி என்பவை தமிழில் கங்கபாடி, நுளம்பபாடி. அதே அச்சில் வார்த்ததுதான் பெரும்பாணப்பாடி. இவர்களுடைய இன்னொரு நிலப்பெயர் வடுகவழி 12,000. பெயருக்குப் பின்னால் எண் ஒட்டுவதும் வனவாசி 12,000, கங்கவாடி 96,000 போல மேற்கேயிருந்து வந்த பழக்கந்தான். வடுகவழி என்றால் வடுகர் நாட்டுக்குப் போகும் பாதை. உதயேந்திரம் செப்பேட்டில் இதுவே வடமொழியில் ஆந்திரபதம். பாதையின் பெயரே நாட்டின் பெயராகிவிட்டது. அந்தப் பாதையில் வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம். கோட்டம் தொண்டை மண்டலத்துக்கே உரியது, பாடியும் எண்ணும் கன்னடப் பக்கத்து வாடை, வடுகவழி தமிழ்ச் சொல், ஆனால் அது காட்டும் திசை தெலுங்கு. இந்த மூன்றும் ஒரே மூலையில்.

சரி, 'நாடு'? அதுவாவது நம் தனிச்சொத்தா? இல்லை. எங்களுக்கு வடக்கே கடப்பைப் பக்கம் ரேநாடு. தெலுங்கின் மிகப் பழைய கல்வெட்டுகள் அந்த ரேநாட்டுச் சோழர்களுடையவை. இன்னும் தள்ளிப் போனால் பாகநாடு, வெலநாடு. சித்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களின் உட்பிரிவுப் பெயர்களில் 'பாகநாட்டி', 'வெலநாட்டி' என்று இன்றும் அவை நடமாடுகின்றன. நாடு என்று முடிந்தால் தமிழ், மண்டல் என்று முடிந்தால் தெலுங்கு என்று பங்கு பிரிக்கப் பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

இங்கே ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழ நாட்டு அரசியல் புவியியல் பற்றிய ஆங்கில நூல், தமிழக அரசு தொல்லியல் துறை வெளியீடு. கல்வெட்டில் 'இன்ன நாட்டு இன்ன ஊர்' என்று வரும் ஒவ்வொன்றையும் எடுத்து, இன்றைய ஊரோடு பொருத்தி, வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார். கோடு போட்டு அடைக்கும்படியான எல்லை நாட்டுக்கு இருக்கவில்லை என்று தெரிந்தது. ஒரு நாட்டின் ஊர் சில சமயம் இன்னொரு நாட்டின் ஊர்களுக்கு நடுவே கிடக்கிறது. வாய்க்காலும் ஏரியும் இருக்கும் இடத்தில் நாடுகள் நெருங்கிச் சிறிதாக இருக்கின்றன, வறண்ட இடத்தில் பரந்து கிடக்கின்றன. பெயரோ பெரும்பாலும் அந்த நாட்டுக்குள் இருக்கும் ஓர் ஊரின் பெயர். அரசன் மேலிருந்து வெட்டிய துண்டாக இருந்தால் இப்படி அமையாது. உழவர் குடியிருப்புகள் ஒன்றோடொன்று கூடி வளர்ந்த கொத்துதான் நாடு என்றார் அவர். புள்ளி வைத்துப் பெற்ற முடிவு என்பதால் நான் இதை நம்புகிறேன்.

இதை அடியாக வைத்து பர்ட்டன் ஸ்டைன் 1980இல் ஒரு பெரிய மாளிகையே கட்டினார். ஒவ்வொரு நாடும் தன்னளவில் ஒரு சிற்றுலகம், சோழ அரசனுக்கு அதன்மேல் இருந்தது சடங்கு அதிகாரம் மட்டுமே என்றார். சுப்பராயலுவும் கராஷிமாவும் சம்பகலட்சுமியும் அதை ஏற்கவில்லை. நிலத்தை அளந்து வரி விதித்து, அதிகாரிகளை அனுப்பி வாங்கிய அரசை வெறும் சடங்கு என்று எப்படித் தள்ளுவது? எனக்கும் ஸ்டைன் ஓரடி அதிகம் வைத்துவிட்டார் என்றே படுகிறது. சுப்பராயலு நூலில் எனக்குள்ள குறை வேறு, கொஞ்சம் சுயநலமான குறை. அது காவிரிச் சமவெளியைத்தான் அலசுகிறது. எங்கள் கல்லும் கரடும் அந்த வரைபடத்துக்கு வெளியே நிற்கின்றன. ஆனால் அவர் கற்றுக்கொடுத்த கண்ணோடு இங்கே பார்க்கலாம். குடவூர் நாடு, குடவூர் என்ற ஊரால் வந்த பெயர். மீயாறு நாடு, சொல்லளவில் மேலாறு. ஆற்றால் வந்த பெயர். படுவூர்க் கோட்டத்துக்கும் ஓர் ஊர்தான் மூலம். பெரும்பாணப்பாடி மட்டும் குலத்தின் பெயர். சோறும் தண்ணீரும் சம்பந்தப்பட்ட சின்ன அலகுக்கு ஊர் பெயர் கொடுத்தது. மேலே உள்ள பெரிய அலகுக்கு ஆண்டவன் பெயர் கொடுத்தான்.

அரசர்கள் கீழேயும் கை வைத்துப் பார்த்தார்கள். முதலாம் இராசராசன் சோழ மண்டலத்தில் நாடுகளைச் சேர்த்துக் கட்டி, க்ஷத்திரிய சிகாமணி வளநாடு, அருமொழிதேவ வளநாடு என்று தன் பட்டங்களைச் சூட்டினான். குலோத்துங்கன் வந்ததும் க்ஷத்திரிய சிகாமணி, குலோத்துங்க சோழ வளநாடு ஆயிற்று. போர்டை எழுதியவன் பாவம், அடிக்கடி சுண்ணாம்பு அடித்திருப்பான். தொண்டை மண்டலத்துக்கும் ஜெயங்கொண்ட சோழ மண்டலம் என்று புதுப்பெயர் வந்தது. மேற்பாடிக்குப் பராந்தகன் பட்டத்தால் வீரநாராயணபுரம், பிறகு இராசராசன் பட்டத்தால் இராசாச்ரயபுரம். ஆற்றூரில் இறந்த தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு இராசராசன் பள்ளிப்படைக் கோயில் எடுத்த ஊர் அது, பெயர் மாற்ற அவனுக்கு உரிமை உண்டுதான். இன்று நரஹரிப்பேட்டை எல்லையில் இறங்கி இராசாச்ரயபுரத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். மேல்பாடி என்று கேட்டால் மாடு மேய்க்கிற பையன்கூடக் கை காட்டுவான்.

நம் காலத்திலும் இதே கூத்துத்தான். 1989இல் எங்கள் பக்கத்து மாவட்டம் வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டமும் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டமுமாகப் பிரிந்தது. 1997இல் தலைவர் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு வேலூர், திருவண்ணாமலை என்று தலைநகர் பெயரையே வைத்தார்கள். ஆந்திரத்தில் 1985இல் என்.டி.ராமராவ் ஆட்சி தாலுகாவைக் கலைத்து மண்டலங்களை அமைத்தபோது, பெரும்பாலும் தலைமை ஊரின் பெயரே மண்டலத்துக்கு. குடவூர் நாட்டுக்கு எந்த விதியோ அதே விதிதான் குடிபாலா மண்டலத்துக்கும். இராசராசன் காலத்தில் காஞ்சியிலிருந்து வேங்கடம் வரை அடக்கிய 'மண்டலம்' என்ற சொல் இப்போது சில கிராமங்களுக்குச் சுருங்கிவிட்டதை என்னவென்று சொல்ல! 2022இல் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது ஸ்ரீ பாலாஜி மாவட்டம் என்று முதலில் அறிவித்து, கடைசியில் திருப்பதி மாவட்டம் என்றே வைத்தார்கள். அன்னமய்யா மாவட்டம் மட்டும் வளநாட்டு வழியில் போயிற்று.

ஊராரே பெயர் வைத்தார்கள் என்றால் ஊரார் சொல்லும் கதைகள் எல்லாம் சரியா என்று கேட்பீர்கள். இல்லை. வைத்தவர்கள் போய்விட்டார்கள், கதை சொல்பவர்கள் அவர்களுடைய பேரப்பிள்ளைகள். காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில், தேங்காய் நீர் பெருகி ஒரு காணி நிலத்தில் பாய்ந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். தொண்டை மண்டலம் முழுக்கப் பாக்கம் பாக்கமாகக் கிடக்கும்போது இதற்கு மட்டும் தண்ணீர்க் கதை எதற்கு? காணியும் பாக்கமும் போதும். பொன்னையாற்றுக்கு நீவா என்றும் பெயர். திருவல்லத்தில் சுவாமி 'நீ வா' என்று அழைத்ததால் என்பது தலக்கதை. சித்தூர்த் தெலுங்கரும் நீவா என்றுதான் சொல்கிறார்கள், யாரும் யாரையும் கூப்பிடுவதாக நினைக்காமல். சித்தூர் மட்டும் வம்பில்லாத பெயர்: சிற்றூர்.

குடிபாலாவுக்கு வருவோம். தமிழில் 'குடி' என்று எழுதினால் க-வா, g ஒலியா என்று எழுத்து காட்டாது. காட்டாததாலேயே தமிழர் குடியிருப்பு என்று படிக்கிறார், தெலுங்கர் கோயில் என்று கேட்கிறார். ஆனால் எழுத்து ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. தமிழ் வழியாக வந்த சொல்லானால் நடுவில் 'ப்' மிகுந்து, 'ஐ'யில் முடிந்து, குடிப்பாலை போல ஏதாவது ஆகியிருக்கும். 'குடிபாலா' என்ற வடிவம் தெலுங்குப் பலகையைப் பார்த்துத் தமிழில் எழுதியது. ஆகவே இன்றைய வடிவம் தெலுங்கு. அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை வடிவம் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கல்லில் ஒரு சொல் வேண்டும். நண்பரின் கோயிலும் பெரியவரின் குடியும் அதுவரை காத்திருக்கட்டும்.

திருத்தணிக்காக ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய போராட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. படாஸ்கர் முடிவின்படி கிராமத்தை அலகாக வைத்து, மொழிப் பெரும்பான்மையும் நிலத் தொடர்ச்சியும் பார்த்து எல்லையைத் திருத்தினார்கள். 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அது அன்று வாழ்ந்தவர்களின் பேச்சை எண்ணிப் போட்ட கோடு. அதற்கு 24 கோட்டங்களைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதில்லை. கோட்டத்தைக் கூப்பிட்டால் வேங்கடக் கோட்டம் வரும், பெரும்பாணப்பாடியும் வரும், வடுகவழியும் கூடவே வரும். பழைய எல்லை எப்படிப் போடப்பட்டது என்று காசாக்குடிச் செப்பேட்டில் பார்க்கலாம். அரசன் ஆணை நாட்டாருக்குப் போகிறது. நாட்டார் போய், தலைவன் காட்டிய எல்லையில் ஊரை வலமிடமாகச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். ஓலை அரசனுடையது, நடந்த கால் நாட்டாருடையது. கள்ளியை எந்த மொழி பேசுகிறவன் நட்டான் என்று அந்தச் செப்பேடு குறித்து வைக்கவில்லை.

என் மகன் பள்ளிப் படிவத்தில் 'சொந்த ஊர்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று போன மாதம் கேட்டான். குடிபாலா, சித்தூர் மாவட்டம், ஆந்திரப் பிரதேசம். தாய்மொழி தமிழ் என்று எழுதச் சொன்னேன். "ரெண்டும் சேர்த்து எழுதலாமா அப்பா?" என்றான். இரண்டு கட்டமும் தனித்தனியாகத்தானே இருக்கிறது, எழுது என்றேன்.

அந்தப் பெரியவர் அடுத்த பொங்கலுக்கும் பேசுகிறார். போன வாரம் அவர் வீட்டுக்குப் போய், பெரும்பாணப்பாடி, தூஞாடு, மீயாறு நாடு, குடவூர் நாடு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதெல்லாம் பட்டியல்ல இல்லியே" என்றார்.